‘மெனேஜ்’ என்னும் ஆங்கில வினை: நிர்வகிப்போரும் சமாளிப்போரும்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவு தொடர்பான ஆங்கில அறிக்கையொன்றின் தமிழாக்கம் சில காலத்துக்கு முன்னர் எமது மேசைக்கு வந்திருந்தது. அதில், "வட்டவளைப் பகுதித் தோட்டக் குடும்பங்கள் தமது நாட்சம்பளத்தை நிர்வகித்து வருகின்றன" என்றொரு வாக்கியம் காணப்பட்டது. சம்பளத்தை நிர்வகிக்கும் தொழிலாளி என்பது புதுமையாகப்பட்டதால் ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தோம். அங்கே இருந்தது ‘மெனேஜ்’ என்ற வினை. ஆனால் அதன் பின்னே ‘ஒன்’ என்ற சிறிய முன்னிடைச்சொல் ஒட்டியிருந்தது. அந்தச் சம்பளத்தைக் கொண்டு எப்படியோ காலந்தள்ளுகின்றனர் என்பதே அறிக்கை சொல்ல வந்த செய்தி. மொழிபெயர்த்த இளைஞர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிட்டார். அதனால் வறுமையைப் பற்றிய வாக்கியம் வசதியைப் பற்றிய வாக்கியமாக மாறிவிட்டது.

தவறு சிறியது, திருத்தவும் ஒரு நிமிடமே பிடித்தது. ஆயினும் அந்த ஒரு சொல் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எமது மாணவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஆங்கிலச் சொற்களுள் இதுவும் ஒன்று. தோட்டப்புறங்களிலோ ‘மெனேஜர்’, ‘மெனேஜ்மன்ட்’ ஆகியன ஆங்கிலச் சொற்கள் என்ற நினைவே இன்றி வழங்கி வருகின்றன. இந்த வினையின் பிறப்பையும் அதன் பல்வேறு பொருள்களையும், அது எமது மண்ணில் பெற்ற வாழ்வையும் சற்று விரிவாக நோக்குவது பயன்தரும்.

குதிரை லாயத்தில் பிறந்த சொல்

இலத்தீன் மொழியில் கைக்கு ‘மனுஸ்’ என்று பெயர். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘மனெஜ்ஜாரே’ என்ற வினை தோன்றியது. கையால் பிடித்து நடத்துதல், சிறப்பாகக் குதிரையைப் பழக்கி நடத்துதல் என்பது அதன் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தபோதும் குதிரை கூடவே வந்தது. குதிரைப் பயிற்சிக் களத்துக்கு இன்றும் ஆங்கிலத்தில் ‘மனேஜ்’ என்றொரு பெயருண்டு. பின்னர் வீட்டைச் சிக்கனமாக நடத்துதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் சாயலும் அதன்மீது படிந்தது. இவ்வாறு குதிரையை நடத்துவதும் குடும்பத்தை நடத்துவதும் ஒரே சொல்லில் வந்து கூடின. வணிகத்தையும் நிறுவனங்களையும் நடத்துதல் என்ற இன்றைய பொருள் அவற்றுக்குப் பிற்பட்டதே.

கடிவாளத்தை அளவுக்கு மீறி இழுத்தால் குதிரை திமிறும், தளர்த்திவிட்டால் ஓடிவிடும். அடக்குதலும் விட்டுக்கொடுத்தலும் சேர்ந்த நுட்பமே இச்சொல்லின் கரு. வெறும் அதிகாரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு வினைகள் உண்டு. எதிர்ப்போ இடையூறோ உள்ள ஒன்றைத் திறமையால் வழிக்குக் கொண்டுவருவதே ‘மெனேஜ்’.

அரபு மொழியிலும் இதே பாதையில் நடந்துவந்த சொல் ஒன்றுண்டு. அரசியலைக் குறிக்கும் ‘சியாஸத்’ என்ற சொல் கால்நடைகளை, குறிப்பாகக் குதிரையைப் பராமரித்துப் பழக்குதல் என்ற கருத்திலிருந்து வளர்ந்தது. குதிரை பராமரிப்பவரைக் குறிக்கும் ‘ஸாயிஸ்’ என்ற சொல்லும் அதே வேரினது. அரபில் முகாமையைக் குறிக்கும் மற்றொரு சொல் ‘தத்பீர்’. இதன் வேர் பின்புறம், முடிவு என்னும் பொருள்களைத் தருவது. ஆகவே, ஒரு காரியத்தின் முடிவை முன்கூட்டியே நோக்கி அதனை ஒழுங்கு செய்தல் என்பது இதன் உட்பொருளாகிறது. இறைவன் காரியங்களை ஒழுங்குபடுத்தி நடத்துகின்றான் என்ற கருத்தில் இவ்வினை அல்குர்ஆனிலும் இடம்பெறுவதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர்.

எமது தமிழும் இவ்விடயத்தில் பின்தங்கியதன்று. ‘கையாளுதல்’ என்ற சொல்லில் ‘மனுஸ்’ போலவே கை இருக்கிறது. ‘நடத்துதல்’ என்றால் நடக்கச் செய்தல். குதிரைக்கும் பொருந்தும், கூட்டத்துக்கும் பொருந்தும். வடமொழிவழி வந்த ‘நிர்வாகம்’ என்பதில் சுமந்து செல்லுதல் என்ற கருத்துடைய வேர் உண்டு. எடுத்த சுமையை இடையில் இறக்காது கொண்டு சேர்ப்பவரே நிர்வாகி. இன்று இந்தியத் தமிழர் ‘மேலாண்மை’ என்பதையே இலங்கையில் நாம் ‘முகாமைத்துவம்’ என்கிறோம்.

ஒரு வினை, பல பொருள்கள்

மாணவர்களின் பயன் கருதி இவ்வினையின் முக்கிய வழக்குகளை வகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, ஒரு பெயர்ச்சொல்லை நேரடிச் செயப்படுபொருளாகக் கொண்டு வருவது. தோட்டத்தை, கடையை, வங்கிக் கிளையை, விளையாட்டு அணியை ‘மெனேஜ்’ செய்தல். இங்கு நிர்வகித்தல், நடத்துதல் என்பன பொருந்தும்.

இரண்டாவது, ‘டு’ என்ற சொல்லும் இன்னொரு வினையும் தொடர வருவது. மண்சரிவால் பாதை அடைபட்டிருந்தும் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தை வந்தடைந்தனர் என்பதை ஆங்கிலத்தில் ‘மெனேஜ்ட் டு ரீச்’ எனலாம். இது வெறுமனே ‘வந்தனர்’ என்பதைவிடக் கூடுதலான செய்தியைத் தருகிறது. தடை இருந்தது, முயற்சி இருந்தது, முடிவில் காரியம் கைகூடியது என்ற மூன்றும் அதில் அடங்கும். முயன்றதை மட்டும் குறிக்கும் ‘ட்ரைட் டு’ என்பதற்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே. முயன்றவர் தோற்றிருக்கலாம், ‘மெனேஜ்ட் டு’ என்றால் தோற்கவில்லை. எதிர்மறையில் வரும்போது முயன்றும் முடியாமற் போனது எனப் பொருள்படும்.

மூன்றாவது, ‘ஒன்’ சேர்ந்து வருவது. போதாத பணத்தையோ பொருளையோ கொண்டு ஒப்பேற்றுதல் என்பது இதன் பொருள். எமது மேசைக்கு வந்த வாக்கியத்தில் இருந்தது இதுவே. ‘வித்தவுட்’ சேர்ந்தால் ஒன்று இல்லாமலே சமாளித்தல் என்றாகும்.

நான்காவது, செயப்படுபொருள் எதுவுமின்றித் தனித்து வருவது. வட்டவளைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கும் மூதாட்டியிடம் ஓர் இளைஞர், "தனியாகக் கொண்டு போவீர்களா பாட்டி?" என்று கேட்கிறார். "பரவாயில்லை தம்பி, நான் பார்த்துக்கொள்வேன்" என்கிறார் அவர். ஆங்கிலத்தில் அக்கேள்வியிலும் பதிலிலும் இந்த ஒரே வினை போதும்.

ஐந்தாவது, எள்ளல் வழக்கு. கடைசிக் கண்ணாடிக் குவளையையும் உடைத்துவிட்டவரைப் பார்த்து, அதையும் சாதித்துவிட்டீர்களே என்ற தொனியில் இவ்வினையை ஆங்கிலேயர் பயன்படுத்துவர். சொல்லில் பாராட்டு, குரலில் குத்தல்.

இவ்வழக்குகளைத் தமிழில் பெயர்க்கும்போது எமக்கு ஒரு சொல் போதாது. ஒரு புறம் நிர்வகித்தல், நடத்துதல் என்பன நிற்கின்றன. மறுபுறம் சமாளித்தல், ஒப்பேற்றுதல், காலந்தள்ளுதல் என்பன நிற்கின்றன. மேலிருப்பவர் நிர்வகிக்கிறார், கீழிருப்பவர் சமாளிக்கிறார் என்று எமது மொழி வேலி போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் இருவருக்கும் வினை ஒன்றே. இந்த வேறுபாட்டின் கனதியைத் தேயிலை மலையில் நின்று பார்ப்பவர் நன்குணர்வர்.

வட்டவளையில் இச்சொல்லின் வாழ்வு

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் கலபொடைக்கும் றொசல்லைக்கும் இடையே அமைந்தது வட்டவளை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இப்பிரதேசம் இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. தேயிலைப் பொதிகளின் மேல் அச்சாகி இவ்வூரின் பெயர் நாடெங்கும் உலவுகின்றது.

பிரித்தானியர் காலத்தில் இங்குள்ள மலைகள் பலவற்றின் உரிமையாளர் கடல் கடந்து இலண்டனில் இருந்தனர். அவர்களின் சார்பில் காரியம் பார்த்தவை கொழும்பிலிருந்த ஏஜன்சி நிறுவனங்கள். மலையில் துரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. இப்பெயர்களையே சற்று ஆராயலாம். ‘கங்காணி’ என்பது கண்காணி, கண்ணால் மேற்பார்ப்பவர். துரைக்கு வழங்கிய ‘சுப்பரின்டன்டன்’ என்ற பதவிப் பெயரும் மேலிருந்து கவனிப்பவர் என்றே பொருள்படும். கண்கள் பல இருந்தன. கையால் கொழுந்தைத் தொட்டவர் தொழிலாளி ஒருவரே.

அக்காலத் துரைமார் தமிழ் கற்றனர். அதற்கெனக் கையடக்க நூல்களும் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. 1915 இல் டபிள்யூ. ஜீ. பி. வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். நிர்வகிப்பதற்காகக் கற்கப்பட்ட தமிழ் எத்தகையது என்பதை அத்தலைப்புகளே காட்டும்.

ஆங்கிலத்தில் ‘கொன்ட்ரோல்’ என்ற மற்றொரு சொல்லும் இங்கு நினைவுகூரத்தக்கது. கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக வைக்கப்படும் எதிர்ச்சுருள் என்பதே அதன் மூலப்பொருள். அதாவது, கட்டுப்பாடு என்பது முதலில் ஒரு பதிவேடாக இருந்தது. தோட்டத்தில் அது இன்றும் அவ்வாறே இருக்கின்றது. ‘செக்ரோல்’ எனப்படும் அப்புத்தகத்தில் ‘பேர்’ விழுந்தாலன்றி நாட்சம்பளம் இல்லை. குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் ‘அரைப்பேர்’. மனிதரின் ஒரு நாளைப் ‘பேர்’ என்று அழைக்கும் வழக்கு அப்பதிவேட்டிலிருந்து பிறந்ததே.

உரிமை வேறு, நிர்வாகம் வேறு

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் மீண்டும் மாற்றம் வந்தது. அவ்வாண்டு தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது நிலத்தின் உரிமையன்று, முகாமைத்துவம் மட்டுமே. பின்னர் 1995 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டன. 53 ஆண்டுக் குத்தகை நடைமுறைக்கு வந்தது. நிலம் இன்றும் அரசுடையது. ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பதும் அதனை ‘மெனேஜ்’ செய்வதும் வெவ்வேறு என்ற ஆங்கிலச் சொற்பொருள் வேறுபாடு, இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வை நிர்ணயிக்கும் ஒப்பந்த வேறுபாடாக அன்று உருவெடுத்தது.

அதன் விளைவை வட்டவளையிலேயே காணலாம். இவ்வூரின் பெயரைத் தாங்கிய வட்டவளை பிளான்டேஷன்ஸ் கம்பனியின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் 2017 இல் பிரிக்கப்பட்டு ஹட்டன் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பனியின் கீழ் வந்தன. பழைய கம்பனி எண்ணெய்ப் பனையையும் பாற்பண்ணையையும் வைத்துக்கொண்டது. வணிகத்தில் இது வழமையான ஏற்பாடே. ஆயினும் லயத்தில் வாழ்பவருக்கு ‘மெனேஜ்மன்ட்’ என்பது ஒரு முகமன்று என்பதை இது உணர்த்துகின்றது. முன்னர் துரை என்றொருவர் இருந்தார்; ஏசவும் கெஞ்சவும் ஒரு முகம் இருந்தது. இன்று கூரை ஒழுகுவதைச் சொன்னால், ‘மெனேஜ்மன்டிடம் கேட்க வேண்டும்’ என்ற பதில் கிடைக்கலாம். கூரை யாருடைய பொறுப்பு, காணி யாருடையது, வீடு கட்ட யாருடைய அனுமதி தேவை என்ற வினாக்கள் அரசுக்கும் கம்பனிக்கும் இடையே அலைகின்றன.

இனி, சம்பளத்தைக் கொண்டு சமாளிப்பவரின் பக்கத்தைப் பார்ப்போம். நீண்ட போராட்டத்தின் பின் 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனை 1,550 ரூபாவாக்கி, வரவுக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா சேர்த்து வழங்கும் முன்மொழிவு 2025 நவம்பரின் வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. 1,350 ரூபாக் கணக்கில் மாதம் 25 நாட்கள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 2,700 ரூபா கழிந்தால் மீதி 31,050 ரூபா. மழை விடாது பெய்யும் மாதத்திலும் கொழுந்து குறையும் வரட்சியிலும் இத்தொகையும் கிட்டாது. இதற்குள் அரிசி, மா, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம், பிள்ளையின் ரியூஷன், கடைக் கடன், ஊர்த் திருவிழா, இழவு வீடு அனைத்தும் அடங்க வேண்டும்.

இவற்றை அடக்கிக் காட்டும் தாயின் செயலை நாம் சமாளித்தல் என்று சொல்லிவிட்டுக் கடந்து விடுகிறோம். ஆனால் வரவை முன்கூட்டிக் கணித்து, செலவுகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, ஆபத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கி, கடன்காரரோடு தவணை பேசி முடிப்பதைத்தானே பல்கலைக்கழகங்கள் முகாமைத்துவம் என்று கற்பிக்கின்றன? இஸ்லாமிய அறிஞர் நாஸிருத்தீன் தூஸி பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுக்கவியல் நூலில் தனிமனித ஒழுக்கம், இல்ல நிர்வாகம், நாட்டு நிர்வாகம் என மூன்று பகுதிகள் உள்ளன. இல்லத்தை நடத்துவது அங்கே அரசை நடத்துவதோடு ஒத்த வரிசையில் ஓர் அறிவுத்துறையாக வைக்கப்பட்டுள்ளது. பொருளாதாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இல்ல நிர்வாகம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. சமாளித்தலைத் தாழ்த்தியும் நிர்வகித்தலை உயர்த்தியும் பார்ப்பது பிற்காலத்தில் படிந்த வழக்கமேயன்றிச் சொல்லின் இயல்பன்று.

மலையில் நடப்பதும் அவ்வாறே. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளும் பெண், எந்தக் கொழுந்து முற்றியது, எது இன்னும் சில நாட்கள் விடத்தக்கது என்பதைக் கைவிரலால் கணத்தில் தீர்மானிக்கிறார். மட்டம் குலையாமல் பறிக்காவிடின் செடி கெடும். இலை கசங்கினால் தேநீரின் தரம் கெடும். சரிவில், மழையில், முதுகில் பாரத்தோடு இது நிகழ்கின்றது. கையின் திறமையால் ஒன்றை வசப்படுத்துதல் என்ற மூலப்பொருளில் நோக்கினால், இந்த வினைக்கு அவரைவிடத் தகுதியான எழுவாய் வேறில்லை.

கை பிசகும் இடம்

இவ்வினையின் உறவுச் சொல் ஒன்றையும் குறிப்பிடாது விட்டால் விளக்கம் முழுமை பெறாது. ‘மெனிபியுலேட்’ என்பதும் ‘மனுஸ்’ வழி வந்ததே. கைப்பிடியளவு என்ற பொருளுடைய இலத்தீன் சொல் அதன் மூலம். தொடக்கத்தில் இதில் களங்கமில்லை. விஞ்ஞானி மைக்கல் பரடே 1827 இல் ஆய்வுகூடக் கருவிகளைக் கையாளும் முறைகள் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றது. மருத்துவர் மூட்டைக் கையால் அசைத்துச் சரிசெய்வதற்கும் இன்று இதுவே பெயர். ஆனால் கணக்கு, பங்குச் சந்தை, வாக்காளர் என்று அதன் செயப்படுபொருள் மாறியபோது பொருளும் இருண்டது. பிறர் அறியாவண்ணம் அவர்களைத் தன் நலனுக்கு ஆட்டிவைத்தல் என்ற பொருளே இன்று முந்திக்கொண்டு வருகின்றது. தமிழிலும் ‘கையாளுதல்’ நற்செயல். ‘கையாடுதல்’ பிறர் பணத்தைத் திருடுதல். ஒரே கைதான், திறமையும் ஒன்றுதான். கையாளப்படுபவருக்கு அது தெரியுமா, அவரது நலன் அதில் கருதப்படுகின்றதா என்பவையே இரண்டையும் பிரிக்கின்றன. நல்ல நிர்வாகத்துக்கும் சூழ்ச்சிக்கும் இடையிலான எல்லையும் இதுவே.

தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துப் பராமரிக்கச் செய்யும் திட்டங்கள் பற்றி அண்மைக் காலங்களில் அதிகம் பேசப்படுகின்றது. நாட்கூலியை விடுத்து வருமானப் பங்கு என்பது அதன் சாரம். இதனை வரவேற்பவரும் உளர், அஞ்சுபவரும் உளர். தீர்ப்பளிக்கும் முன் இந்த வினையைக் கொண்டே சில வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். என்ன பயிரிடுவது, கொழுந்தை யாருக்கு விற்பது, உரத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பவற்றை அக்குடும்பமே தீர்மானிக்குமா? காணிக்கு உறுதி உண்டா? ஆம் எனின் அது நிர்வகித்தல். நட்டத்தின் பாரம் மட்டும் தொழிலாளிக்கும் தீர்மானம் வேறிடத்துக்கும் எனின் அது பழைய சமாளித்தலே. பெயர் மட்டும் புதிது.

ஆங்கில ஆசிரியர்களுக்கும் எமது ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டப் பாடசாலைகளில் இவ்வினையைக் கற்பிக்கும்போது, ‘மெனேஜர் தோட்டத்தை நடத்துகிறார்’ என்ற உதாரணத்தோடு நின்றுவிட வேண்டாம். அதே கரும்பலகையில், அதே வினையைக் கொண்டு, ‘என் தாய் எங்கள் வீட்டை நடத்துகிறார்’ என்றும் எழுதுங்கள். இலக்கணப்படி இரண்டும் சரியான வாக்கியங்களே. இரண்டாவதை எழுதிய பிள்ளை நாளை முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அது தன் வீட்டுக்கு அந்நியமான கலையன்று என்ற தெளிவோடு செல்லும்.

எமது மேசைக்கு வந்த வாக்கியத்தை, "தோட்டக் குடும்பங்கள் அந்தச் சம்பளத்தைக் கொண்டு எப்படியோ சமாளித்து வருகின்றன" என்று அன்று திருத்தி அச்சுக்கு அனுப்பினோம். மொழிபெயர்ப்பு அவ்வளவில் சரியே. எனினும் இன்று அதனைத் திருத்த நேர்ந்தால், ‘எப்படியோ’ என்ற சொல்லை நீக்கிவிடுவோம். எப்படிச் சமாளிக்கிறோம் என்பது அக்குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும்.